ஜப்பானில் வல்லினம் மிகும் இடங்கள்

அன்புள்ள கண்ணு,

இதற்குக் கீழே நான் எழுதப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள், அவளே அதில் வருகிறாள் என்றாலும். காந்திபுரம் பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் படித்துக் காட்டினால், ஒரு மணி நேரமாகப் பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்து வேறு வேலையே இல்லாதவர்கள்கூட நம்பமாட்டார்கள். ஆகவே மருதமலை இருக்கும் திசையைப் பார்த்து, வலது கையைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: உலகத்தில் ஒரு ஜீவனும் நம்ப முடியாத கதை இது. வாக்குத் தவறி நீ நம்பிவிட்டால் நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

சென்னையிலிருந்து நீ எழுதிய இன்லண்ட் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அடுத்த மாதம் ஜப்பானுக்கு விமானம் ஏற வேண்டும், ஆனால் ‘சின்ன ட்சு’ என்று ஒரு ஜப்பானிய எழுத்து உன் உயிரை வாங்குகிறது என்று எழுதியிருந்தாய். அந்த எழுத்துக்கென்று சொந்தமாக ஒரு ஒலியும் இல்லையாம், அடுத்து வருகிற எழுத்தை இரட்டிக்க வைப்பதுதான் அதன் வேலையாம். நீ இரட்டிக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுகிறாய், இரட்டிக்கக் கூடாத இடத்தில் அழுத்துகிறாய் என்று டீச்சரம்மா வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்களாம். கடைசி வரியில், ‘நான் போகலைன்னு ஆபீஸ்ல சொல்லிடட்டுமாப்பா?’ என்று கேட்டிருந்தாய். அந்த வரியில் மட்டும் மை கலங்கியிருந்தது. உன் அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கண்ணு, அந்த எழுத்து உனக்குத்தான் புதிது. நம் குடும்பத்துக்கு அது ஆறு வருடத்துப் பகையாளி. அதோடு நேருக்கு நேர் நின்று, ஐந்து தடவை மண்ணைக் கவ்வி, ஆறாவது தடவை அதன் கழுத்தில் மாலை போட்டுக் கூட்டிவந்த வம்சம் உன்னுடையது. நீ அப்போது நாமக்கல் பக்கத்தில் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். ‘ஜப்பான்காரர் வந்தார். மெஷின் ஓடியது. நீ கெமிஸ்ட்ரி படி’ என்று ஒரு கார்டு மட்டும் போட்டேன். அந்தக் கார்டில் நான் எழுதாமல் விட்டதை ஏற்றினால் ஒரு லாரி பத்தாது.

மில்லில் நான் பார்த்துவந்த சூப்பர்வைசர் வேலையை விட்டது உனக்குத் தெரியும். வெள்ளகோவிலில் என் பங்குக்கு வந்த தோட்டத்தைக் கொடுத்ததும் தெரியும். அந்த இரண்டையும் விழுங்கிவிட்டு வந்து நின்றதுதான் ஜப்பானிலிருந்து பழையதாக இறக்கிய கியர் வெட்டும் மெஷின். மதுக்கரை போகும் சாலையில் நம் பட்டறை. அந்தச் சிமெண்டுத் தூசியில் நான் ஒரு மாதம் நின்று மெஷினைப் பூட்டியதில், ஒரு மழையில் மட்டும் நனைந்திருந்தால் அங்கேயே சிலையாகியிருப்பேன். என்னோடு கூட்டுச் சேர்ந்தவர் உக்கடத்துச் சலீம் பாய். அவரைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. அவர் கை பட்டால் நின்றுபோன கடிகாரம் ஓடும், ஓடிப்போன மாப்பிள்ளை திரும்பி வருவான். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட பாய் மூன்று தடவை பிரித்து மூன்று தடவை பூட்டியும் அந்த மெஷின் வழிக்கு வரவில்லை. ஸ்விட்சைப் போட்டால் உள்ளே பத்துக் குடும்பம் பாத்திரத்தை வீசிச் சண்டை போடுகிற மாதிரி ஒரு சத்தம். அது வெட்டித் தள்ளிய கியரில் ஒரு பல் இன்னொரு பல்லோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. உன் பெரியப்பா வெள்ளகோவிலிலிருந்து வந்து, மெஷினை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்து, கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். எல்லா ஆட்களும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

“நல்லாத்தானப்பா இருக்குது. கம்பி வலை ஒண்ணு அடிச்சுப்போட்டா நூறு கோழி தாராளமா அடங்கும்.”

“ஓடுமுங்கண்ணா. சத்தம் மட்டுந்தான் கொஞ்சம்...”

“கோழி சத்தம் போடாதா? பழகிக்கும். தம்பி, பொங்கல் வரைக்கும் பாரு. அதுக்கு மேல ஆவாதுன்னா வந்த வெலைக்குத் தள்ளிப்போட்டு மறுக்காவும் மில்லுக்கே போயிரு. நானே வந்து கேட்டுத் தாரேன், உனக்கு வெக்கமா இருந்தா.”

சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டேன். பட்டறையில் அன்று ஒன்பது பேர் வேலை செய்தார்கள். ஒன்பது பேரும் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பெருக்கினார்கள். இருந்ததே ஒரு விளக்குமாறுதான்.

மெஷின் செய்த கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தேன். மார்கழி பிறக்கும்போது பதில் வந்தது. நித்தா என்ற அவர்களுடைய இஞ்சினியர் அடுத்த வாரம் பெங்களூருக்கு வருகிறார், சனிக்கிழமை ஜப்பானிலிருந்து கிளம்புகிறார், அதற்குள் போன் செய்து குறையைச் சொல்லி அழைத்தால் கோயமுத்தூருக்கும் வந்து போவார் என்று நாலே வரி. இதைவிடச் சுலபம் உண்டா என்று கிராஸ்கட் ரோட்டில் ஒரு மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஜப்பானுக்குப் போனைப் போட்டேன். எடுத்தது ஒரு அம்மணி. அவருக்கு ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தைதான் தெரியும். நான் என்ன கேட்டாலும் ‘யெஸ்’ என்றார். நித்தா இருக்கிறாரா என்றால் யெஸ், இல்லையா என்றால் யெஸ், நாளைக்குப் பேசட்டுமா என்றால் மட்டும் என்னவோ ‘நோ’ என்றார்.

ஆகவே ஜப்பானிய மொழியை நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. மற்றவர்களுக்கு அது குறைவு. எனக்கு நாலு நாள் மிச்சம். காந்திபுரத்தில் ஒரு புத்தகக் கடையில் கேசட்டோடு சேர்த்து விற்ற ‘தொடக்க ஜப்பானியம்’ ஒன்றை வாங்கிவந்தேன். ஆங்கில எழுத்தில் ஜப்பான் வார்த்தை, பக்கத்தில் அர்த்தம். கேசட்டில் ஒருத்தர் ‘சோத்தோ மத்தே’ என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தமாம். கேட்டவுடனே எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. இது நம் பாஷையல்லவா! பத்து, முத்து, சொத்து என்று பிறந்த நாளிலிருந்து இரட்டித்தே வளர்ந்தவன் நான். வெள்ளைக்காரன் இந்த இரட்டிப்புக்கு ஆறு மாதம் தொண்டையைச் செருமுவானாம், புத்தகத்தின் முன்னுரையில் போட்டிருந்தது. நான் முதல் நாளே ‘மோத்தோ’ என்றேன், ‘யுக்குரி’ என்றேன். ஜப்பான் சக்கரவர்த்தி வழி தவறி நம் தெருவுக்குள் வந்திருந்தால் என்னிடம்தான் பேச்சுக் கொடுத்திருப்பார்.

அந்தக் கர்வத்தில்தான் கண்ணு நான் விழுந்தேன். எனக்கு வேண்டியது இரண்டே வாக்கியம். மெஷினின் சத்தம் சரியில்லை, வாருங்கள். புத்தகத்தில் இருந்ததை ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன்: ‘ஒத்தோ கா ஹென் தெஸ். கித்தே குதசாய்.’ சலீம் பாய் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “பாஷை நல்லா முறுக்கேறி இருக்குதுங்க” என்றார். அவரும் நானும் டி.வி.எஸ். ஐம்பதில் கிராஸ்கட் ரோட்டுக்குப் புறப்பட்டோம்.

“மோஷி மோஷி” என்றது அந்தப் பக்கம்.

“மோஷி மோஷி! ஒத்தோ கா ஹென் தெஸ்!” என்றேன். த் ஒவ்வொன்றையும் ஆணி அடிக்கிற மாதிரி இறக்கினேன். பூத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மெதுவாக, “கோஷுஜின் கா?” என்றார் அம்மணி.

“ஹாய்! ஹாய்! கோஷுஜின்!” ஹாய் என்றால் ஆமாம். கோஷுஜின் என்றால் என்ன என்று தெரியவில்லை. ஆனால் இவ்வளவு கவலையோடு ஒரு சொல்லைச் சொல்கிறார் என்றால் அது சர்வீஸ் டிபார்ட்மெண்டாகத்தான் இருக்கும் என்று அந்த நொடியில் தீர்மானித்தேன்.

“தாய்ஜோபு தெஸ் கா?” என்று ஏதோ விசாரித்தார்.

“கித்தே குதசாய்! கித்தே குதசாய்!”

“ஹாய்” என்றார். டொக் என்று போன் வைக்கிற சத்தம்.

“என்னங்க சொன்னாங்க?” என்றார் பாய்.

“கோஷுஜினுக்குச் சொல்லிட்டாங்களாம். சர்வீஸ் டிபார்ட்மெண்ட்.”

“அப்பறம் ஏனுங்க அதுக்குள்ள வெச்சுட்டாங்க?”

“ஜப்பான்காரங்க ரொம்பச் சுறுசுறுப்பு பாய். பேச்சை வளர்த்தமாட்டாங்க.”

ஆனால் நித்தாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அன்று மத்தியானமே மறுபடியும் போட்டேன். அதே கோஷுஜின், அதே ஹாய், அதே டொக். மூன்றாம் தடவை அம்மணி ரகசியம் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான்காம் தடவை இன்னொரு ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஐந்தாம் தடவை, நான் இதைக் குறைத்துத்தான் சொல்கிறேன், அந்தப் பக்கத்தில் மொத்த ஆபீஸும் எழுந்து நின்று மூக்கை உறிஞ்சியது. ஒவ்வொரு தடவையும் நான் ‘கித்தே குதசாய்’ என்று கெஞ்சக் கெஞ்ச, அவ்வளவு மரியாதையாகப் போனை வைத்தார்கள். ஐந்தாவது டொக்குக்குப் பிறகு நான் பூத்திலிருந்து வெளியே வரவில்லை. கண்ணாடிக் கதவை உள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியைப் பாயே ஓட்டினார். அன்று வியாழக்கிழமை.

வீட்டுக்கு வந்தோம். உன் அம்மா கூடத்தில் அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தின் தமிழாசிரியை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கும்போது நான் பக்கத்தில் போவதில்லை. இங்கே என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மெஷின் விஷயத்தில் அவளை நான் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பட்டறைக்குப் போர்டு எழுதியபோது, ‘கியர் வெட்டி தரப்படும்’ என்று இருக்கிறது, நடுவில் ஒரு த் வர வேண்டும் என்றாள். “உன்ற த் பார்த்துத்தான் கியர் வெட்டுமாக்கும்” என்று ஆட்கள் முன்னாலேயே சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் பட்டறைப் பக்கம் வரவில்லை. நானும் வா என்று கூப்பிடவில்லை. சிரிக்க வைக்கிறவனுக்கு எது சிரிப்பு என்று தெரிந்திருக்க வேண்டும், எனக்கு அன்று தெரியவில்லை.

பாய்க்கு டீ கொடுத்துவிட்டு அவளே கேட்டாள். “என்னங்க பாய், ஜப்பான் என்னங்குது?”

“எல்லாம் அந்தக் கோஷுஜின் டிபார்ட்மெண்டுல போய் நின்னுக்குதுங்க அம்மா.”

அவள் பேனாவை மூடினாள். என் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களில் சொல்வரிசையில் விரலை ஓட்டினாள்.

“ஏனுங்க, இதுல கோஷுஜின்னா ‘வீட்டுக்காரர்’னு போட்டிருக்குதுங்க. அடுத்தவங்க வீட்டுக்காரரை மருவாதையாச் சொல்றதாமுங்க.”

பாய் டீயைக் கீழே வைத்தார்.

“நீங்க போன்ல என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க பாப்போம்.”

“ஒத்தோ கா ஹென் தெஸ்” என்றேன். குரலில் பழைய முறுக்கு இல்லை.

இன்னும் நாலு பக்கம் புரட்டினாள். எனக்கு அந்த நாலு பக்கமும் நாலு மைல். “சத்தத்துக்கு இங்கிலீஷ்ல ஒரே ஒரு ‘டி’ போட்டிருக்குதுங்க. ரெண்டு ‘டி’ போட்டு இன்னொண்ணு இருக்குது. அதுதான் நீங்க சொல்ற ஒத்தோ. அதுக்கு அர்த்தம் ‘என் வீட்டுக்காரர்’.” பிறகு முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொன்னாள்: “‘என்ற ஊட்டுக்காரரு ஒரு மாதிரியா இருக்கறாருங்க’ன்னு அஞ்சு தடவை ஐ.எஸ்.டி. போட்டுச் சொல்லியிருக்கறீங்க.”

“யா அல்லா” என்றார் பாய். “அப்ப அந்தக் கித்தே?”

“ஒரு ‘டி’யா இருந்தா ‘வாங்க’. ரெண்டு ‘டி’ன்னா ‘வெட்டுங்க’. போன்ல சொன்னா ‘கட் பண்ணுங்க’ன்னு அர்த்தமுங்க. சொன்னபடி செஞ்சுபோட்டாங்க, பாவம்.”

கண்ணு, உலக வரலாற்றில் ஒரு மனிதன் தன் நாற்காலியிலேயே இவ்வளவு சிறியவனாக ஆனதில்லை. என் கால் தரைக்கு எட்டவில்லை. உன் அம்மா நோட்டை வாங்கி என் இரண்டு வாக்கியத்திலும் இருந்த த் இரண்டையும் சிவப்பில் வட்டம் போட்டாள். “வல்லினம் மிகாத எடமுங்க. மிக வெச்சுப்போட்டீங்க. போர்டுல வெக்காம மிச்சம் புடிச்சதையெல்லாம் ஜப்பானுக்கு ஏத்துமதி பண்ணிட்டீங்களாட்ட இருக்குது” என்றாள். முதலில் சிரித்தது பாய்தான். பிறகு நான். கடைசியில்தான் அவள்.

இனி உனக்கு வேண்டிய பாடம் வருகிறது, கவனமாகக் கேள். பிழை ஏன் வந்தது என்று உன் அம்மா அன்று சொன்னதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நம் எழுத்தில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைத் த வந்தால் அது குழைந்துவிடும். ‘காது’ என்று சொல்லிப் பார், நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமல் வழுக்குகிறது. அதைக் கெட்டியாகச் சொல்ல வேண்டும் என்றால் நமக்கு ஒரே வழிதான்: ஒற்றுப் போட்டுக் ‘காத்து’ என்று எழுதுவோம். ஜப்பான்காரர்களிடம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. குழையவும் குழையாது, இரட்டிக்கவும் இரட்டிக்காது. கெட்டியான, ஆனால் ஒற்றையான த. நம் காதுக்கு அது கெட்டியாகப் படுவதால் கை தானாக ஒற்றுப் போட்டுவிடுகிறது. டீச்சரம்மா உன்னைத் திட்டிய இரண்டு குற்றத்தில் ஒன்று இதுதான். அது உன் குற்றமில்லை, உன் எழுத்தின் பழக்கம்.

“அப்ப அந்த ஒத்தைத் த-வை எப்படித்தான் சொல்றது?” என்றேன்.

“சொல்லுக்கு முதல்ல வந்தா நாமளும் அப்படித்தானுங்க சொல்றோம். தேங்காயில வர்ற தே குழையுதா? இரட்டிக்குதா? கி-ன்னு சொல்லிப்போட்டு, புதுசா ஒரு சொல்லு ஆரம்பிக்கற மாதிரி தேங்காய்னு சொல்லுங்க.”

“கி, தேங்காய்.”

“இன்னும் வேகமா. நடுவுல நிக்காதீங்க.”

“கிதேங்காய்!”

“இப்ப ங்காயை விட்டுப்போடுங்க.”

“கி-தே” என்றேன். கேசட்டில் வருகிற குரல் என் வாயிலிருந்து வந்தது. பாய் உடனே “ஒ-தோசை” என்று ஆரம்பித்து, சையை விட்டுவிட்டு, ‘ஒ-தோ’வில் வந்து நின்றார். ஒரு தேங்காயையும் ஒரு தோசையையும் வைத்துக்கொண்டு உன் அம்மா ஜப்பானைப் பிடித்துவிட்டாள்.

உன் இன்னொரு குற்றத்துக்கும் அன்றே மருந்து கிடைத்தது. ஒற்றையைப் பிடித்துவிட்ட குஷியில் நான் இரட்டிக்க வேண்டிய ‘மத்தே’யையும் அவசரமாக விழுங்கினேன். அப்போது அவள் சொன்னது: தமிழில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, ஜப்பானில் அந்தச் சின்ன எழுத்துக்கு முழு மாத்திரை. டவுன் பஸ் கணக்கில் சொன்னால் நம் ஊரில் ஒற்றுக்கு அரை டிக்கெட். மடியில் உட்கார்ந்துகொள்ளும். ஜப்பானில் அது முழு டிக்கெட் எடுத்த பயணி. வாயைத் திறக்காது, ஆனால் தனி ஸீட் வேண்டும். மறுநாள் காலையிலேயே பட்டறையில் பாய் இதைச் சுத்தியலால் அளந்து காட்டினார். கி-தே என்றால் இரண்டு தட்டு. கி-த்-தே என்றால் மூன்று தட்டு. நடுத்தட்டின்போது நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது, மூச்சும் வெளியே போகக் கூடாது. ஷ, ஸ வந்தால் மட்டும் அடைக்காமல் அந்த ஒரு தட்டு முழுக்கச் சீறிக்கொண்டிருக்க வேண்டும். சேர்ந்து என்பதற்கு ‘இஷ்ஷோ’ என்பார்களே, அதில் வருகிற மாதிரி. கையில் சுத்தியல் இல்லாவிட்டால் தொடையில் தட்டிக்கொள். ஒன்பது ஆட்களும் வேலையை விட்டுவிட்டு ஆளுக்கொரு ஸ்பானரை எடுத்துத் தட்டினார்கள். பத்து மணிக்குள் அந்தத் தட்டு மதுக்கரை வரைக்கும் போய், அங்கே சிமெண்டு ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் எல்லாரும் ‘கி-தே, கித்தே’ என்று ஹாரன் அடித்தார்கள் என்று கேள்வி.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, நித்தா கிளம்ப ஒரே நாள் இருக்கும்போது, மூன்று பேருமாக அதே பூத்துக்குப் போனோம். உன் அம்மா பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கே ஒரு நாள்தான் லீவு போட்டவள். பாய் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு நாணயத்தைக் கையில் பிடித்துக்கொண்டார், தட்டுவதற்கு. இந்த ஒரு த் தப்பினால் பெரியப்பா வந்து மில் வாசலில் எனக்காகப் பேசுவார், நான் பின்னால் கைகட்டி நிற்பேன்.

“மோஷி மோஷி.”

நான் வாயைத் திறந்தேன். உன் அம்மா ஒரு விரலை உயர்த்தினாள். பாய் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“கிகாய் நோ ஒ-தோ கா ஹென் தெஸ்.” கிகாய் என்றால் மெஷின். அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது உன் அம்மாதான், இனிமேல் ஒரு சந்தேகமும் வரக் கூடாது என்று.

அந்தப் பக்கத்திலிருந்து, “ஒ-தோ? கிகாய் நோ ஒ-தோ?” என்று ஒரு கூச்சல். அம்மணி ரிசீவரைக் கையால் மூடாமலேயே ஆபீஸ் முழுக்கக் கேட்கக் கத்திச் சொன்னார். பின்னால் நாற்காலிகள் நகர்கிற சத்தம், சிரிப்பு, யாரோ கை தட்டினார்கள்.

“கி-தே குதசாய்” என்றேன். கண்ணாடியில் இரண்டே தட்டு.

டொக் வரவில்லை, கண்ணு. அதற்குப் பதில் ஒரு ஆண் குரல் வந்தது. “நித்தா தெஸ்” என்றது. நித்தாவில் த் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது தெரியுமா, நாங்கள் மூன்று பேரும் எண்ணினோம், முழு டிக்கெட். பிறகு அவர் ஆங்கிலத்தில், “கோயம்புத்தூர். டியூஸ்டே. ஐ கம்” என்றார். நான் ரிசீவரை முத்தமிட்டேன். பூத்துக்காரர் துணியெடுத்துத் துடைத்தார். கிராஸ்கட் ரோட்டில் போன டவுன் பஸ்கள் எல்லாம் அந்த நிமிடம் வழி விட்டு ஓரம் கட்டின, சிக்னலே இல்லாத இடத்தில்.

செவ்வாய்க்கிழமை காலை பெங்களூர் ரயிலில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு ஆளையே உள்ளே வைக்கலாம் போன்ற பெட்டி. முதல் காரியமாக உன் அம்மாவுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். பிறகு என்னை நகத்திலிருந்து தலைமுடி வரைக்கும் வெகு நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆபீஸ் முழுக்க ஐந்து நாள் என்ன பேசிக்கொண்டது என்று எனக்குத் தெரிந்தது. பட்டறையில் மெஷினைத் திறந்து டார்ச்சை அடித்தார். கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு இரும்புப் பிடியைக் கழற்றி எடுத்து எல்லாருக்கும் காட்டினார். கப்பலில் வரும்போது உள்ளே இருக்கும் எடை ஆடாமல் இருக்கப் போட்டு அனுப்புகிற பிடி. வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகக் கழற்ற வேண்டும் என்று அதன்மேலேயே ஜப்பானிய மொழியில் எழுதி ஒட்டியிருந்தது.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “மூணு தடவை பிரிச்சப்பவும் அது லூசா இருக்குதேன்னு நல்லா இறுக்கி இறுக்கி வெச்சது நாந்தானுங்க” என்றார்.

ஸ்விட்சைப் போட்டோம். ஒரு சண்டையும் இல்லை. ஒரே சீராக, நல்லெண்ணெய் ஊற்றுகிற மாதிரி ஒரு சத்தம். முதல் கியர் வெளியே வந்தது, பாய் அதை இன்னொன்றோடு சேர்த்துச் சுற்றினார், பல்லோடு பல் கைகோத்துக்கொண்டு போயிற்று. நித்தா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இஇ ஒ-தோ” என்றார். நல்ல சத்தம். ஒன்பது ஆட்களும் தேங்காய்ப் பயிற்சி பெற்றவர்களாயிற்றே, ஒரே குரலில் “இஇ ஒ-தோ” என்றார்கள். நான் சொன்னேன், பாய் சொன்னார், உன் அம்மாவும் சொன்னாள். நித்தா திகைத்துப்போய் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தார். அடுத்த நாள் உன் பெரியப்பா வந்தார். வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வெகு நேரம் கேட்டார்.

“தம்பி” என்றார் கடைசியில், “கோழிக்கு வேற எடம் பாக்கோணுமாட்ட இருக்குது.”

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்னால் முதல் லோடு போயிற்று. நீ படித்த இஞ்சினியரிங் அந்த மெஷின் படிக்க வைத்தது. ஆனால் ஊரில், ஒறம்பரைச் சொந்தத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், ‘நானே ஒத்தை ஆளா ஜப்பான் பாஷை படிச்சு அவனைக் கூட்டியாந்தேன்’ என்றுதான் ஆறு வருடமாகச் சொல்லித் திரிந்தேன். உன்னிடமும் அப்படியே சொன்னேன். உன் அம்மா இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். அந்தப் பொய்யை இந்தக் கடிதத்தோடு திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆகவே நீ போகவில்லை என்று ஆபீஸில் சொல்லாதே. போ. அங்கே யாரையாவது வாங்க என்று கூப்பிட்டு அவர்கள் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தால் பயப்படாதே, மறுபடியும் சொல். தப்பாகச் சொன்னதை அவர்கள் எவ்வளவு அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்கள் என்பதை நான் பார்த்தவன். சரியாகச் சொன்னபோது எப்படிச் சந்தோஷப்பட்டார்கள் என்பதையும் பார்த்தவன். டீச்சரம்மா எல்லார் முன்னாலும் திட்டினால் எல்லார் முன்னாலும் தொடையில் தட்டிச் சொல்லிக் காட்டு. உன் வாயில் இருப்பது ஒரு தமிழ் வாத்தியாரம்மாவின் நாக்கு. அது தோற்காது.

இதில் எவ்வளவு நிஜம் என்று கேட்பாய். பஸ்கள் ஓரம் கட்டவில்லை. லாரிகள் எப்போதும் அடிக்கிற ஹாரனைத்தான் அடித்தன. ஐந்து தடவை போன் செய்ததாக எழுதியது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஆபீஸ் மொத்தமும் மூக்கை உறிஞ்சியதை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்? ஆனால் ஒரு சின்னத் துண்டு மட்டும் நடந்தது. எல்லாரும் நல்ல சத்தம் என்று சொன்னபோது உன் அம்மாவும் சொன்னாள் என்று எழுதினேனே, அது. மற்றவர்கள் சொல்லி முடித்த பிறகு, மெஷினைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். இரண்டு தட்டு இல்லை, மூன்று. நடுத்தட்டில் நாக்கைப் பல்லில் ஒட்டி, அவசரமே படாமல் காத்திருந்து, பிறகுதான் விட்டாள்: “இஇ ஒத்தோ.” நித்தா மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பிழை விட்டுவிட்டாளே என்று நான் பக்கத்தில் போய், “அம்மணி, அங்கே த் வராது” என்றேன்.

“எனக்குத் தெரியுமுங்க” என்றாள்.

அன்புடன்,
அப்பா